இருசாயியின் கரண்டுப் பொட்டி

அந்தக் காலத்தில் கொல்லிமலைமேல் கரண்டு கிடையாது. மலையில் பெரிய ஊரான செம்மேட்டிலேயே பொழுது விழுந்தால் மண்ணெண்ணெய் விளக்குதான். அங்கிருந்து இரண்டு மேடு ஏறி இறங்கினால் வரும் நாவக்காட்டுப்பட்டியில் மொத்தமே பதினோரு வீடு. அதில் ஒரு வீட்டுக்கு மட்டும், அறுபத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம், ஒரு மரப்பொட்டிக்குள் அடைபட்டுக் கொஞ்சம் கரண்டு வந்து சேர்ந்தது. அதைத் தலையில் சுமந்து வந்தவள் இருசாயி.

அவளுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். நடைக்குப் பேர்போனவள். வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு விடியலில் கிளம்பினால், ஒற்றையடிப் பாதையில் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டியில் விற்று, உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மேலே வந்துவிடுவாள். மற்றவர்கள் கீழே தங்கி மறுநாள் ஏறுவார்கள். புருஷன் சின்னையன் மரமேறி. பலா மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளில் சரம் பறிக்க அவனைக் கேட்டு நாலு ஊர்க்காரர்கள் வருவார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதே தவிர அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மாசி மாதம் ஒரு காலை நேரம். சின்னையன் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, முப்பதடி உயரத்தில் சரம் பறித்துக்கொண்டிருந்தான். இருசாயி கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் பனி பெய்து அடிமரம் ஈரமாக இருந்தது. ஏணி வழுக்கிய சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவன் பாறையின்மேல் மல்லாந்து கிடந்தான். ரத்தம் இல்லை, காயம் இல்லை. கண் திறந்திருந்தது.

"ஒண்ணும் ஆகலீல்ல, மாமா?" என்று ஓடினாள்.

"ஒண்ணுமில்ல. காலைப் புடிக்காதே, உடு."

அவள் அவனுடைய தலைமாட்டில் நின்றிருந்தாள். அவன் காலை யாரும் பிடித்திருக்கவில்லை.

சின்னையனின் அண்ணன் மாதன் வந்தான். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கம்பளியின் இரண்டு முனைகளையும் ஒரு மூங்கில் கம்பில் கட்டித் தூளியாக்கி, அதில் அவனைப் போட்டுத் தூக்கினார்கள். மலையில் பிரசவத்துக்குத் தவிக்கிற பெண்ணானாலும் பாம்பு கடித்தவனானாலும் அப்படித்தான் கீழே கொண்டுபோவது. மாதன் முன்னால் தோள் கொடுத்தான். இறக்கம் முழுக்கச் சின்னையன் அந்தத் தூளிக்குள் வளைந்து சுருண்டு கிடந்தான். அவன் கால்கள் கல்லில் இடிக்காமல் இருக்க இருசாயி பின்னாலேயே அவற்றை ஏந்திக்கொண்டு நடந்தாள். அவை கனமாக இருந்தன. அந்தக் கால்கள் இவ்வளவு கனமா என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடிவாரத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் சொல்லித்தான், ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த, தமிழ் பேசத் தெரிந்த பெரிய டாக்டர், "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். இருசாயி சொன்னாள். அவர், இப்படி முதுகில் அடிபட்டவர்களைப் பலகையில் நேராகப் படுக்கவைத்துத்தான் தூக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். விழுந்ததில் எவ்வளவு போனது, வழியில் எவ்வளவு போனது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாதன் அப்போது வெளியே மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். இருசாயி அதை அவனிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லவில்லை.

சின்னையனுக்குத் தொப்புளுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கிள்ளினாலும் தெரியவில்லை, சுட்டாலும் தெரியவில்லை. சிறுநீர் குழாய் வழியாக இறங்கியது. நாற்பது நாள் அவனை அசையாமல் படுக்கவைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் ஒரு நாள் அர்த்தனாரி வந்தார்.

அர்த்தனாரி அந்த ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். பாஷை தெரியாத ஊரில் அவர் "ஏம்மிணி, நீங்க கொல்லிமலையா?" என்று கேட்டதுமே இருசாயிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையில் ஒரு கறுப்பு மரப்பொட்டி இருந்தது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய உருளை. அதன் நடுவில் இழுத்தும் தள்ளியும் விடக்கூடிய ஓர் இரும்புத் தண்டு. இரண்டு ஒயரின் நுனியிலும் இரண்டு தகடுகள். தகடுகளின்மேல் துணி சுற்றி உப்புத்தண்ணீரில் நனைத்தார். ஒன்றைத் தொடையின் மேல்பக்கம் வைத்துக் கட்டினார், இன்னொன்றை முழங்காலுக்குச் சற்று மேலே. சின்னையனைக் கட்டிலின் ஓரத்தில் சாய்த்து உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டார்.

பொட்டி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அர்த்தனாரி இரும்புத் தண்டை மெதுவாக உள்ளே தள்ளினார். சின்னையனின் தொடைச்சதை திரண்டு எழும்பியது. தொங்கிக்கொண்டிருந்த கால் முன்னால் நீண்டு, நேராக நின்றது. தண்டை வெளியே இழுத்ததும் கால் இறங்கியது. தள்ளினார், நீண்டது. இழுத்தார், இறங்கியது.

இருசாயி அப்படியே தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரி அம்மிணி. எந்திரி முதல்ல."

"அசையுதுங்களே சாமி."

"அசைக்கிறது நானு. அவரில்ல."

சின்னையன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தையில் யாரோ ஆட்டுகிற பொம்மையைப் பார்ப்பதைப் போலிருந்தது அவன் பார்வை.

அன்று மத்தியானம் அர்த்தனாரி இருசாயியை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பேசினார். மழுப்பாமல் பேசினார். "உங்க காட்டுக்கு ஓடையில இருந்து வாய்க்கால்ல தண்ணி வருதுன்னு வையி. நடுவுல வாய்க்கால் உடைஞ்சு போச்சு. நான் குடத்துல தண்ணி மொண்டுட்டு வந்து வயல்ல ஊத்தறேன். வயல் நனையுது. வாய்க்கால் கூடிக்கிச்சுன்னு அர்த்தமா?"

"இல்லீங்க."

"அந்த மாதிரிதான். தலையில இருந்து காலுக்குப் போற வழி முதுகுல அறுந்துபோச்சு. அது கூடறதுக்கு மருந்து இல்லே. எந்த நாட்டுலயும் இல்லே."

இருசாயி யோசித்தாள். "குடத்துல ஊத்துனாலும் பயிரு வாடாதில்லீங்க?"

"வாடறது கொஞ்சம் தள்ளிப்போகும். சதை சூம்பாம இருக்கும். ரத்தம் ஓடும்."

"அது போதுமுங்க," என்றாள் இருசாயி. "வாய்க்கால் கூடற வரைக்கும் நான் ஊத்தறனுங்க."

அர்த்தனாரி அதைத் திருத்தாமல் எழுந்து உள்ளே போனார்.

ஐந்து மாதம் அங்கே இருந்தார்கள். இருசாயி எல்லாம் கற்றுக்கொண்டாள். அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் இறக்கக் கற்றுக்கொண்டாள். விரல் விட்டு மலம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். அர்த்தனாரி எதையும்விட ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே பக்கமாகப் படுக்கவிடக் கூடாது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும். தினமும் பின்புறத்தையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. "வலி தெரியாத உடம்பு. புண்ணு வந்தா அவருக்கே தெரியாது. கரண்டு வெக்காட்டியும் பரவாயில்ல, இதை உட்டுராதே," என்றார். இருசாயி தலையாட்டினாள். ஆனால் அவள் கண் பொட்டியின்மேல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வந்திருந்தது, சுவரில் செருகி ஓட்டுவது. பழைய பொட்டிக்குப் பேட்டரிக்கட்டை போதும். பெரிய டாக்டரிடம் கேட்டு அர்த்தனாரி அதை இருசாயியிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த வருஷம் தை மாதம் வந்தால் கால்களுக்கு இரும்புச் சட்டம் போட்டு, கக்கத்தில் கட்டை வைத்து நிற்கப் பழக்கலாம், பத்தடி நடந்தாலும் நடைதான், உடம்பில் புண் இல்லாமல் மட்டும் கொண்டு வாருங்கள் என்று சொல்லி வழியனுப்பினார்.

ஊரில் முதல் வாரம் திருவிழாக் கூட்டம். பொட்டியைப் பார்க்க வளப்பூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். வீட்டு வாசலில் ஒரு முக்காலியில் சின்னையனை உட்காரவைத்து, மாதன் பின்னால் நின்று கட்டிப்பிடித்துக்கொள்வான். இருசாயி துணியை நனைத்துத் தகடுகளைக் கட்டுவாள். தண்டைத் தள்ளுவாள். கால் எழும்பும். கூட்டம் வாயைப் பிளக்கும். ஒரு கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். மாதனின் மனைவி ஆயம்மாள், "எப்பக் கொழுந்தனாரு காட்டுக்கு வருவாரு?" என்று கேட்டாள். "தையில சட்டம் போடறாங்க," என்றாள் இருசாயி. கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

காலையில் வலதுகாலுக்கு நூறு, இடதுகாலுக்கு நூறு. அவளுக்கு நூறு வரை எண்ணத் தெரியாது. நூறு புளியங்கொட்டையை மாதன் எண்ணிக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் போடுவாள். முடிந்ததும் தொடையைத் தடவிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததற்கு இப்போது சதை பிடித்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

சின்னையன் நல்ல மனுஷன். வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை.

புரட்டாசியில் பேட்டரிக்கட்டை தீர்ந்தது. ரீங்காரம் முனகலாகி, முனகலும் நின்றது. செம்மேட்டில் விசாரித்தாள். அந்தப் பெரிய கட்டை அங்கே கிடைக்கவில்லை. மூன்று நாள் கால்கள் சும்மா கிடந்தன. அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் விடியலில் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு கீழே கிளம்பினாள். கிளம்புமுன் ஆயம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அக்கா, நிழல் வாசக்காலைத் தொட்டா ஒருக்கா, கொட்டாயைத் தொட்டா ஒருக்கா. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டுருங்க."

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

ஆயம்மாள் சொன்னபடி வந்தாள். ஆனால் சின்னையனுக்கு அன்று வயிறு சரியில்லை. படுத்த இடத்திலேயே போய்விட்டிருந்தது. மனைவி பார்க்கலாம். அண்ணன் மனைவி எப்படிப் பார்ப்பது? "இப்பத்தான் அண்ணன் வந்து புரட்டிட்டுப் போனாரு, அண்ணி. நீங்க போங்க," என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டான். இரண்டாம் முறை வந்தபோது தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான். ஆயம்மாள் எழுப்ப மனமில்லாமல் போய்விட்டாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் கடைக்காரர் கட்டை சேந்தமங்கலத்திலிருந்து சாயங்காலம் வரும் என்றார். இருசாயி காத்திருந்தாள். வெறுங்கையோடு ஏற அவளுக்கு மனம் வரவில்லை. கட்டை கைக்கு வந்தபோது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. சத்திரத்தில் ஒதுங்கி, மறுநாள் முதல் வெளிச்சத்தில் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே நாற்றம் சொல்லிவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் அவன் அதே ஈரத்தில், மல்லாந்தபடியே கிடந்திருந்தான். புரட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. தொட்டால் தோல் கழன்று வந்தது.

"ஏன் மாமா? ஏன் அக்காகிட்டச் சொல்லலீங்க?"

"என்னன்னு சொல்லச் சொல்றே?"

வெந்நீர் வைத்துக் கழுவினாள். கையோடு கொண்டுவந்த பேட்டரிக்கட்டைகள் வாசலில் நனைந்த பைக்குள் கிடந்தன. கழுவி முடித்து, துணி வைத்துக் கட்டி, அவனைக் குப்புறப் படுக்கவைத்த பிறகு, அவளே நினைத்துப் பார்க்காமல் எழுந்துபோய்க் கட்டைகளை எடுத்துப் பொட்டிக்குள் போட்டாள். ரீங்காரம் எழும்பியது. அந்தச் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி உப்புத்தண்ணீரில் கழுவினாள். மலை மருந்து தெரிந்தவர் கொடுத்த இலையை அரைத்துக் கட்டினாள். மேலே மூடுவதுபோல இருக்கும். உள்ளே குழி விழும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் எதுவும் காயவில்லை. துணியைத் துவைத்து அடுப்புக்குமேல் காயப்போட்டு, காயாத துணியையே மறுபடி கட்டினாள்.

கார்த்திகையில் ஒரு நாள் அவள் தகட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது சின்னையன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும், இருசா."

"இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கவேயில்லீங்களே."

"இன்னிக்குன்னு சொல்லலே. இனிமேலே வேண்டாம்."

"சூம்பிப் போயிருமுங்க."

"போகட்டும். நீ அதை ஆட்டறப்ப எனக்கு எப்படி இருக்குது தெரியுமா? செத்த ஒருத்தனைப் புடிச்சு ஆட்டறாப்பல இருக்குது. அந்தச் செத்தவன் நானு. நானே பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறேன்."

இருசாயி தகட்டை அவிழ்த்தாள். அன்று மட்டும் வைக்கவில்லை. மறுநாள் அவனைச் சுவர்ப்பக்கம் முகம் இருக்கும்படி ஒருக்களித்துப் போட்டபோது அவன் கண் மூடியிருந்தது. அவனுக்குத்தான் தொட்டால் தெரியாதே. அவள் சத்தமில்லாமல் துணியை நனைத்துக் கட்டினாள். பொட்டியைக் கம்பளிக்குள் சுற்றிவைத்து ஓட்டினாள். கம்பளியை மீறி ரீங்காரம் கேட்கத்தான் செய்தது. அவன் தோள் ஒரு கணம் இறுகித் தளர்ந்தது. அவன் திரும்பவில்லை. அதன் பிறகு தினமும் அவன் சுவரைப் பார்த்துப் படுப்பான், அவள் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தண்டைத் தள்ளுவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மார்கழி கடைசியில் அது நடந்தது. பொட்டி மூலையில் மூடிக் கிடந்தது. இருசாயி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கம்பளி துள்ளியது. திரும்பினாள். சின்னையனின் வலதுகால் தானாக வெடுக்கென்று மடங்கி, மறுபடி நீண்டு உதைத்தது. பிறகு இடதுகால். தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

"மாமா, நீங்களா உதைச்சீங்க?"

"தெரியலே," என்றான் சின்னையன். அவன் கையூன்றி எழும்பித் தன் காலைப் பார்த்தான். "நான் உதைக்கலே. ஆனா உதைக்குது."

அன்று நாலு தரம், மறுநாள் பத்துத் தரம். இருசாயி தெருவில் இறங்கி ஓடி மாதனிடம் சொன்னாள். பொட்டி இல்லாமலே கால் உதைக்கிறது, வாய்க்கால் கூடிவிட்டது. மாதன் வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சின்னையன்கூட அந்த ஒரு வாரம் சிரித்தான். பலா மரத்தில் இந்த வருஷம் சரம் எப்படி என்று கேட்டான்.

பொங்கல் கழிந்ததும் கிளம்புவதென்று முடிவானது. மாதன் கம்பளியையும் மூங்கிலையும் எடுத்து வைத்தான். இருசாயி வேண்டாமென்றாள்.

"கதவைக் கழட்டிக்கலாமுங்க. பலகையில நேரா வெச்சுத் தூக்கிருவோம்."

"கதவு கனமில்ல? போன தடவை கம்பளியிலதானே கொண்டுபோனோம்."

"புண்ணு உரசுமுங்க. அதுக்குத்தான்."

மாதன் அவளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவள் சொன்ன காரணம் சரியான காரணம்தான். ஆனால் அவள் அதைச் சொன்ன விதத்தில் வேறு என்னவோ இருந்தது.

"போன தடவையும் பலகையிலதான் வெச்சிருக்கோணுமா?" என்று மாதன் கேட்டான்.

"அப்படியெல்லாம் யாரும் சொல்லலீங்க."

மாதன் போய்க் கதவைக் கழற்றினான். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அவன் மட்டும் அடிவாரம் வரைக்கும் வேறு யாருக்கும் தோளை மாற்றிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தம்பி வீட்டுக்கு வருவான், விறகு போடுவான், தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். தம்பியின் முகத்தைப் பார்த்து மட்டும் பேசமாட்டான்.

ஆஸ்பத்திரியில் அர்த்தனாரியைக் கண்டதும் இருசாயி பொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அய்யா, பொட்டி இல்லாமலே உதைக்குதுங்க," என்றாள்.

அவர் சின்னையனின் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினார். கால் கடகடவென்று ஆடத் தொடங்கியது, தையல் மிஷின் ஊசியைப் போல. இருசாயி அவர் முகத்தையே பார்த்தாள். அதில் மகிழ்ச்சி வரவில்லை. அவர் சின்னையனைப் புரட்டினார். புண்மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். குழியின் ஆழத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"எத்தன நாளா?"

"புரட்டாசியில இருந்துங்க."

வராந்தாவில் அதே பெஞ்சில் உட்காரவைத்து அவர் சொன்னார். இந்த உதைப்பு தலையிலிருந்து வருவதில்லை. அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கிற நரம்பு, கேட்பாரில்லாமல் தானாகத் துள்ளுகிறது. உடம்பில் எங்கேயாவது கெடுதல் இருந்தால் இன்னும் அதிகமாகத் துள்ளும். "அவருக்கு வலி தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியும். அந்தப் புண்ணுதான் அம்மிணி உதைக்குது."

இருசாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இந்த நெலமையில சட்டம் போட முடியாது. கரண்டும் இனிமே வேண்டாம். வெச்சா இழுப்பு இன்னும் கூடினாலும் கூடும்."

"நான் கட்டை வாங்கப் போன அன்னிக்குத்தானுங்க," என்று இருசாயி தொடங்கினாள். அர்த்தனாரி, "நான் அந்தப் பொட்டியைக் குடுத்தனுப்பியிருக்கக் கூடாது," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "சும்மா கையை ஆட்டி அனுப்ப மனசு வரலே. அதான்."

பொட்டியை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர்கள் இரண்டு மாதம் அங்கே இருந்தார்கள். கெட்ட சதையை வெட்டினார்கள். ஊசி போட்டார்கள். புண் பாதி மூடியது. அதற்குமேல் மூடவில்லை. சட்டம் வாங்கிப் பழகிக்கொண்டிருந்த வேறொருவன் வராந்தாவில் டக் டக்கென்று போவதைச் சின்னையன் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள், "ஊட்டுக்குப் போலாம், இருசா," என்றான். போனார்கள்.

பிறகு இரண்டரை வருஷம் சின்னையன் உயிரோடு இருந்தான். பொட்டி போன பிறகு இருசாயிக்குக் காலை நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. கையால் அவன் கால்களை மடக்கி நீட்டினாள். முதலில் நீண்டன. இழுப்பு ஏற ஏற முழங்கால்கள் மடங்கிக்கொண்டே வந்தன. ஒரு கையளவு நீட்டினால் இரு கையளவு சுருங்கும். அவள் முழு பலத்தையும் போட்டு அழுத்தியும் நீளாத நாள் ஒன்று வந்தது. மடங்கிய முழங்கால்களின் இடையில் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க ஒரு பழைய சீலையைச் சுருட்டி வைத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டினாள், ஒரு பொழுதும் தவறவில்லை. சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாள். மலை இறங்கி ஏறுகிற இருசாயி இருந்தாள் என்பதையே ஊர் மறந்துவிட்டது. இடுப்புக்கு மேலே சின்னையன் கடைசிவரை திடமாகத்தான் இருந்தான். கூடை முடைந்தான். அவளோடு பேசினான். சில நாள் இருவரும் சிரித்ததும் உண்டு. சாமைக் கதிரைத் தூக்கிக்கொண்டுபோன குரங்கைப் பற்றி அவன் சொன்ன கதையை ஆயம்மாள் இன்றைக்கும் சொல்வாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆவணியில் குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீர் கலங்கி, ரத்தமாகி, பிறகு இறங்கவே இல்லை. அடிவயிற்றை அமுக்கினாள். வரவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவைக் கழற்றிக்கொண்டு மாதன் வந்து நின்றான். பாதையில் ஓடை கரைபுரண்டு போகிறது, இறங்க முடியாது என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். மாதன் கதவைப் பிடித்தபடியே மழையில் நின்றான். மூன்றாம் நாள் காலை, வெயில் அடித்தபோது, சின்னையனின் உடம்பு நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு நினைவு இல்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் அடங்கியது. கடைசியாக அடங்கியவை கால்கள். மூச்சு நிற்கிற நேரம் வரை அவை துள்ளிக்கொண்டே இருந்தன.

குளிப்பாட்டி முடித்ததும் ஆண்கள் அவனை நீட்டிப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். முழங்கால்கள் நெஞ்சை நோக்கி மடங்கிக் கிடந்தன. ஒருவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் முழங்காலின்மேல் கையை ஊன்றி அழுத்தினான்.

"உட்டுருங்க," என்றாள் இருசாயி.

"நேராத்தான் வெக்கோணும், அம்மிணி. வழக்கம்."

"நான் ரெண்டரை வருஷமா இழுத்துப் பாத்துட்டனுங்க. நீளாதுங்க. அப்படியே உட்டுருங்க."

மாதன்தான் அவர்கள் கையை எடுத்துவிட்டான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஏற்கெனவே வெட்டியிருந்த குழி நீளமாக, குறுகலாக இருந்தது. அதை அவன் ஒருத்தனாகவே பக்கவாட்டில் வெட்டி அகலமாக்கினான். யாரையும் கைவைக்க விடவில்லை. சின்னையனை ஒருக்களித்து, முழங்கால் மடங்கியபடியே உள்ளே இறக்கினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன்பே இருசாயி சாமைக்காட்டில் களை எடுக்கப் போய்விட்டாள். இப்படிப் போகலாமா என்று ஆயம்மாள் கேட்டதற்கு, "ஊட்டுக்குள்ள இருந்தா கை சும்மா இருக்க மாட்டீங்குதுங்க அக்கா," என்றாளாம். ஆயம்மாளும் பக்கத்து வரியில் உட்கார்ந்து களை எடுக்கத் தொடங்கினாள்.